பின்னல் ஊசிகளுக்கு ஒரு சுருட்டுப்பை

எங்கள் வீட்டில் இரண்டு சோடி எட்டாம் நம்பர் பின்னல் ஊசி இருக்கிறது. ஒன்று அம்மம்மாவினுடையது. சாம்பல் நிறம், குமிழில் 8 என்று பொறித்திருக்கும். மற்றது மச்சாள் ரொறன்ரோவில் இருந்து வரும்போது கொண்டுவந்த மூங்கில் ஊசி. அதிலும் 8 தான். மச்சாளின் பிள்ளைக்குத் தொப்பி பின்னத் தொடங்கிய அன்று பிஸ்கற் ரின்னுக்குள் கையை விட்டு, முதலில் அகப்பட்ட எட்டை எடுத்தேன். மூன்று பின்னேரம் இருந்து பின்னிய தொப்பி கடைசியில் ஒரு தோடம்பழத்துக்குத்தான் அளவாக வந்தது. நான் பார்த்துப் பின்னியது அமெரிக்காவில் எழுதிய பின்னல் குறிப்பு. அந்தக் கணக்கில் எட்டு என்றால் 5 மில்லிமீற்றர். என் கையில் அகப்பட்டதோ அம்மம்மாவின் ஊசி. அது பழைய பிரித்தானியக் கணக்கு, அதில் எட்டு என்றால் 4 மில்லிமீற்றர். போதாததற்கு இரண்டு கணக்கும் எதிர்ப்பக்கமாக ஓடுகின்றன. பிரித்தானிய எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க எண் கூடக்கூட ஊசி தடிக்கும்.

அந்தத் தொப்பிக்குப் பிறகுதான் இந்தப் பையைத் தைத்தேன். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு அறை, அறைக்கு மேல் மில்லிமீற்றரில் எண். ஊசியில் என்ன எழுதியிருந்தாலும் இனி எனக்குக் கவலை இல்லை.

"சுருட்டுப்பை" என்று சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொன்னால் வேறு எதைத்தான் நினைப்பார்கள்? "ஆருக்குப் பிள்ளை சுருட்டு வைக்கப் பை தைக்கிறாய்?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டா. பாய் மாதிரிச் சுருட்டிக் கட்டுகிற பை, அவ்வளவுதான். இந்த வெயிலுக்குள் ஆர் கம்பளி பின்னுகிறது என்றும் கேட்பார்கள். மாசிப்பனிக்குப் பச்சைப் பிள்ளைக்கு ஒரு தொப்பி தேவை. வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கோ வருசத்தில் அரைவாசி நாள் தேவை. அதோடு இங்கே தையலும் பின்னலும் நேற்று வந்தவை அல்ல. உடுவிலில் அமெரிக்க மிசனரிகள் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியிலேயே படிப்போடு ஊசிவேலையும் இருந்தது.

தைத்து முடித்த பையை விரித்தால் 50 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் சதுரம். கீழ்ப்பக்கம் 20 செ.மீ. உயரத்துக்கு வரிசையாக அறைகள். மேல்ப்பக்கம் வெறும் துணி. ஊசிகளைக் கூர் கீழேயும் குமிழ் மேலேயுமாக வைத்து, மேல்த்துணியைக் குமிழ்களுக்கு மேலால் மடித்து, ஒரு பக்கத்தில் இருந்து சுருட்டி நாடாவால் கட்டிவிட வேண்டும். நேர்த்தையல் தவிர வேறு எதுவும் இதில் இல்லை. தலையணை உறை தைக்கத் தெரிந்தால் போதும்.

துணிக்கு முதல் ஊசி

புதிதாகத் தைப்பவர்கள் எல்லாரும் விடுகிற பிழை, ஆசைப்பட்ட துணியைக் கண்டதும் வெட்டத் தொடங்குவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் பையில் அறை எல்லாம் ஒரே அகலம், இரண்டரை செ.மீ. பார்க்க வடிவாக இருந்தது. 8 மில்லிமீற்றர் ஊசிச் சோடி உள்ளே போய் இறுகிக்கொண்டது, 2 மில்லிமீற்றர் ஊசிகள் உள்ளே கிடந்து ஆடின. அந்தப் பை இப்போது அடுக்களையில் அகப்பைகளோடு தொங்குகிறது.

ஆகவே வீட்டில் இருக்கிற எல்லா ஊசிகளையும் மேசையில் பரப்புங்கள். நீளத்தை முதலில் பாருங்கள். குமிழ் வைத்த நேர் ஊசிகள் பெரும்பாலும் 25, 30, 35 செ.மீ. நீளங்களில் வரும். இங்கே சொல்லுகிற கணக்கு 35 செ.மீ. ஊசிக்கு. உங்களிடம் 40 செ.மீ. ஊசி இருந்தால் பையின் உயரத்தில் 5 செ.மீ. கூட்டுங்கள், அகலத்தைத் தொட வேண்டாம்.

அடுத்தது தடிப்பு. எண் அழிந்துபோன பழைய ஊசிகளுக்கு நான் செய்தது இது. ஓடாவி ஒருவரிடம் ஒரு சாண் பலகைத் துண்டில் 2, 2.5, 3, 3.5 என்று அரை மில்லிமீற்றர் இடைவெளியில் 6 வரைக்கும், பிறகு 7, 8, 9, 10 அளவிலும் துளை போட்டுத் தரச் சொன்னேன். துளைக்குப் பக்கத்தில் எண்ணையும் எழுதி வைத்தேன். ஊசி இறுக்கம் இல்லாமல் நுழைகிற மிகச் சிறிய துளை எதுவோ அதுதான் அதன் அளவு. கடையில் இதற்கென்றே அளவுத்தட்டு விற்கிறார்கள். கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பலகைத் துண்டே போதும். 3.25, 3.75 என்று இடையில் வருகிற அளவுகள் பலகையில் அடுத்த துளையில் போய் விழும். பை தைக்க அந்தப் பிழை பாதிக்காது.

இனி அறையின் அகலம். ஒரு அறைக்குள் ஒரு சோடி, அதாவது இரண்டு ஊசி. ஊசியின் தடிப்பை மில்லிமீற்றரில் எடுத்து மூன்றால் பெருக்கி, அதோடு 10 கூட்டுங்கள். வருவதுதான் அறையின் அகலம், அதுவும் மில்லிமீற்றரில். 5 மில்லிமீற்றர் ஊசி என்றால் மூவைந்து பதினைந்தும் பத்தும் 25, ஆக இரண்டரை செ.மீ. ஊசி உருண்டை, துணி தட்டை. துணி ஊசியைச் சுற்றி வளைந்து போக வேண்டும் என்பதால்தான் இந்த மூன்று மடங்கு. கூட்டுகிற பத்து, தையல் சற்று விலகினாலும் சமாளிப்பதற்கு.

ஒவ்வொரு ஊசிக்கும் கணக்குப் பார்க்கப் பஞ்சியாக இருந்தால் இப்படி எடுத்துக்கொள்ளலாம். 2 முதல் 3.25 மி.மீ. வரை 2 செ.மீ. அறை. 3.5 முதல் 5 வரை இரண்டரை செ.மீ. 5.5 முதல் 6.5 வரை 3 செ.மீ. 7, 8 என்றால் மூன்றரை. 9, 10 என்றால் 4 செ.மீ.

என் பையில் இரண்டு செ.மீ. அறை ஆறு, இரண்டரை செ.மீ. அறை ஆறு, மூன்று செ.மீ. அறை இரண்டு, மூன்றரையில் ஒன்று, நான்கில் ஒன்று. கூட்டினால் நாற்பதரை செ.மீ. மிச்சத்தில் 8 செ.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய அறை. சின்னக் கத்தரிக்கோல், அளவு நாடா, கம்பளி ஊசி எல்லாம் அதற்குள். மீதி ஒன்றரை செ.மீ.யை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து விட்டேன், கடைசியில் ஓரத்தைச் சுற்றிப் போடுகிற தையல் அதைத் தின்றுவிடும். உங்களிடம் இருக்கிற ஊசிகளுக்கு ஏற்ப இந்தக் கணக்கு மாறும். கூட்டுத்தொகை 50 வந்தால் சரி. இன்னும் வாங்காத ஊசிக்கும் இரண்டு அறை விட்டு வையுங்கள், எப்படியும் வாங்குவீர்கள்.

வட்ட ஊசிகள், அதாவது நடுவில் வயர் வைத்து இணைத்தவை, இந்தப் பைக்கு ஒத்துவராது. அவற்றைச் சுற்றித் தட்டையான உறைகளில் வைப்பதுதான் நல்லது. அது வேறு வேலை.

துணி

வெளித்துணி தடிப்பாக இருக்க வேண்டும். கைத்தறித் துணி, பழைய யன்னல் சீலை, கிழிந்த ஜீன்ஸ் எதுவும் சரி. உள்த்துணி மெல்லிய பருத்தி. நைலோன் கலந்த துணி வேண்டாம், மெசினுக்குள் வழுக்கும், அயன்பெட்டி பட்டால் சுருங்கும். பட்டுச் சீலையில் தைத்தால் வடிவுதான். ஆனால் ஊசிக்கூர் இழையைக் கிழிக்கும், பிறகு மனம் கேளாது.

புதுத்துணி வாங்குவது என்றால், 45 அங்குல அகலத் துணியில் வெளிக்கு 60 செ.மீ., உள்ளுக்கு 60 செ.மீ. போதும். புடவைக்கடையில் அரை மீற்றருக்குக் கீழே வெட்ட முகம் சுழிப்பார்கள், அறுபதுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். பட்டினத்தில் நவீன சந்தைப் பக்கம் போனால் துணி, நூல், நாடா எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கலாம். அதற்கு முதல் உங்கள் ஊர்த் தையல்காரரிடம் வெட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 52 செ.மீ. சதுரத் துண்டு அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது, உங்களுக்கோ அதுதான் முழுப் பை.

உள்ளுக்கு நான் சொல்லுவது பழைய சாறம். காரணம் அதன் கட்டங்கள். புதிதாகத் தைப்பவருக்குப் பதினாறு நேர்கோடு கீறித் தைப்பதுதான் பெரிய பாடு. கட்டம் போட்ட சாறத்தில் நெய்தவரே கோட்டைப் போட்டுத் தந்திருக்கிறார். கட்டக்கோட்டோடு மெசினை ஓட்டினால் தையல் கோணாது. அறை அகலம் கட்டத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும், பக்கத்தில் ஒரு கோடு இருப்பது கண்ணுக்குத் துணை. பல தரம் தோய்த்த சாறம் இனிச் சுருங்கப்போவதும் இல்லை. இருக்கையில் தேய்ந்த பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியும்.

புதுத்துணி என்றால் வெட்ட முதல் கட்டாயம் தோய்க்க வேண்டும். பருத்தி முதல் தோய்ப்பில் நூற்றுக்கு மூன்று, ஐந்து அளவுக்குச் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால், வெளித்துணி ஒரு அளவும் உள்த்துணி வேறு அளவுமாக இழுத்துக்கொண்டு பை பப்படம் மாதிரி வளையும். இன்னொன்று சாயம். ஒரு கடையில் "சாயம் போகாது தங்கச்சி, நான் பொறுப்பு" என்று சொல்லித் தந்த குங்குமச் சிவப்புத் துணியை நான் தோய்க்காமல் தைத்தேன். ஐப்பசி மழையில் பை நனைந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளை நூல்ப்பந்து ரோசாப்பூ நிறமாகிவிட்டது. பொறுப்பேற்றவரைப் பிறகு போய்த் தேடவா முடியும்? எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் லேசில் நுரைக்காது, லேசில் போகவும் போகாது. அதனால் இன்னும் இரண்டு தண்ணீரில் கூட அலசி, வெள்ளைத் துண்டு ஒன்றை ஈரத் துணியில் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறாத வரைக்கும் அலச வேண்டியதுதான். ஈரம் முழுக்கக் காய முதலே அயன் பண்ணினால் சுருக்கு எடுபடும்.

வெட்டுவது

அளவு நாடாவில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். எங்கள் தையல்காரர்களுக்கு அங்குலம்தான் கைவரும். எது உங்களுக்கு வசதியோ அதில் அளவுங்கள், ஆனால் தொடங்கியதை மாற்றாதீர்கள். கீழே உள்ள எல்லா அளவிலும் தையலுக்கு விடுகிற 1 செ.மீ. சேர்ந்திருக்கிறது.

வெளித்துணியில் 52க்கு 52 செ.மீ. சதுரம் ஒன்று, அங்குலத்தில் இருபதரை. உள்த்துணியில் அதே அளவில் இன்னொன்று. அறைக்கு உள்த்துணியில் 52 அகலம், 42 உயரம். 42 அங்குலக் கணக்கில் பதினாறரை. இந்த மூன்று துண்டும் போதும். குரோசே ஊசிகளும் இருபக்கமும் கூரான சின்ன ஊசிகளும் உங்களிடம் இருந்தால், வெளித்துணியின் மிச்சத்தில் 52க்கு 22 செ.மீ. துண்டு ஒன்றும் வெட்டலாம். அது முன்வரிசைக் கட்டை அறைகளுக்கு. முதல் பையில் அதை விட்டுவிடுங்கள் என்பேன். ஆறு தட்டுத் துணி ஒன்றாகச் சேரும்போது மெசினும் திணறும், நீங்களும் திணறுவீர்கள்.

நாடா 1 மீற்றர். பருத்தி நாடா வாங்குங்கள். பளபளக்கிற றிபன் வழுக்கி வழுக்கி அவிழும்.

மெசின்

எங்கள் வீட்டில் இருப்பது கறுப்புச் சிங்கர் கால்மெசின். இந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை, தடித்த துணிக்குள்ளும் மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பருத்தித் துணிக்கு 14ஆம் நம்பர் மெசின் ஊசி, ஜீன்ஸ் என்றால் 16. நூல் பொலியெஸ்ரர் நல்லது, பருத்தி நூலை ஊசிக்கூர் அறுக்கும்.

தையல் நீளத்தில் ஒரு மயக்கம் வரும். புது மெசின்களில் 2.5 என்றால் ஒரு தையல் இரண்டரை மில்லிமீற்றர் நீளம், எண் கூடினால் தையல் நீளும். பழைய சிங்கரில் எண் என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற கணக்கு, எண் கூடினால் தையல் சிறுக்கும். புதிதில் 2.5 என்பது பழையதில் ஏறக்குறைய 10. பின்னல் ஊசி நம்பரில் பட்ட அதே பாடுதான் இங்கேயும்.

மெசின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் பாடத்துக்குத் துணித்துண்டில் தைத்து ஒட்டிக் கொடுத்த பின்தையல் ஞாபகம் இருந்தால் போதும். ஆனால் 20 செ.மீ. உயரத்தில் பதினாறு கோடு என்றால் மூன்று மீற்றருக்கு மேல் பின்தையல். ஒரு இருப்பில் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெறும் நூலோட்டம் போட்டால் நிற்காது. ஊசி அறைச்சுவரில்தான் உரசிக்கொண்டு இருக்கும்.

அறைகள்

இந்தப் பையின் முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் உறை தைப்பது.

42 செ.மீ. துண்டை, நல்லபக்கம் வெளியே தெரிகிற மாதிரி, உயரத்தில் இரண்டாக மடியுங்கள். 52க்கு 21 வரும். மடிப்பை அயன் பண்ணி, மடிப்பில் இருந்து அரை செ.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டுங்கள். அந்த மடிப்புத்தான் அறைகளின் வாய். வெட்டின விளிம்பு கீழே இருக்கும்.

இப்போது சோக்கால் கோடு கீறுங்கள். இரண்டு பக்கமும் வெட்டின விளிம்பில் இருந்து 1.75 செ.மீ. விட்டுத் தொடங்க வேண்டும். அதில் ஒன்று தையலுக்கு, முக்கால் ஓரத்துக்கு. இடதுகைப் பக்கம் தடித்த ஊசிகள்: முதலில் 4 செ.மீ., பிறகு மூன்றரை, பிறகு மூன்று இரண்டு, அப்படியே மெலிந்துகொண்டு போய் வலதுகைப் பக்கம் கடைசியில் அந்த 8 செ.மீ. பெரிய அறை. சுருட்டும்போது தடித்த ஊசிகள் நடுவுக்குள் போனால் அவை தண்டு மாதிரி நிற்கும், மெல்லிய ஊசிகள் அதைச் சுற்றி வரும். மாறிச் சுருட்டினால் மெல்லிய ஊசிகள் நடுவில் நசிந்து வளையும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டையும் கீறியபின் முழுவதையும் கூட்டிப் பாருங்கள். நான் ஒரு தரம் பதினைந்து கோடு கீறிவிட்டுப் பதினாறு என்று நினைத்துக்கொண்டு தைத்தேன்.

எண்ணை இப்போதே போட்டுவிட வேண்டும், பிறகு கை நுழையாது. மடிப்புக்குக் கீழே ஒரு செ.மீ. தள்ளி, ஒவ்வொரு அறைக்கு மேலும் 2.5, 4, 5.5 என்று இரட்டை நூலால் பின்தையலில் எழுதினேன். ஒரு செ.மீ. உயர எழுத்துக் காணும். 2.75, 3.25 மாதிரி நீண்ட எண்கள் இரண்டு செ.மீ. அறையில் குறுக்காக அடங்காவிட்டால் நெடுக்காக எழுதுங்கள். பஞ்சிப்படுபவர்களுக்கு, தோய்த்தாலும் அழியாத துணிப் பேனா இருக்கிறது. போல்பொயின்ற் பேனா மட்டும் வேண்டாம். அது ஊறிப் பரவும்.

உள்த்துணிச் சதுரத்தை நல்லபக்கம் மேலே தெரியும்படி விரித்து, அறைத்துண்டை அதன் கீழ்விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்துக் குண்டூசி குத்துங்கள். பக்கங்களையும் கீழ்விளிம்பையும் பெருந்தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளித்துணி இன்னும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அறைத்தையல் உள்த்துணியோடு முடிந்துவிடும். வெளித்துணியையும் சேர்த்துத் தைத்தால் வெளிப்பக்கம் வரிவரியாகத் தெரியும்.

கோடுகளைத் தைக்கும்போது ஒவ்வொன்றையும் கீழே இருந்து மேலே தையுங்கள். ஒன்றைக் கீழிருந்தும் அடுத்ததை மேலிருந்தும் தைத்தால் துணி ஒவ்வொரு பக்கமாக இழுபட்டு, அறை சரிந்துவிடும். நூலை ஒவ்வொரு தரமும் அறுத்துத் திரும்பக் கீழே கொண்டுவருவது அலுப்புத்தான், ஆனாலும் செய்யுங்கள். மேலே வாய்க்கு வந்ததும் மூன்று நான்கு தையல் பின்னுக்கு ஓட்டி, திரும்ப முன்னுக்கு ஓட்டி முடியுங்கள். ஊசியை இழுக்கிற ஒவ்வொரு தரமும் பாரம் விழுவது அந்த முனையில்தான். எங்கள் அம்மம்மா அந்த இடத்தில் சின்ன முக்கோணமாகத் தைத்து விடுவா, சட்டைப் பொக்கற்றில் தைக்கிற மாதிரி.

நான்கு கோடு தைத்ததும் நிறுத்தி, உரிய ஊசிகளை உள்ளே விட்டுப் பாருங்கள். "அளந்ததுதானே, பிறகு பார்ப்பம்" என்று விட்டால், பதினாறையும் பிரிக்க வேண்டி வரும். நான்கைப் பிரிப்பது பெரிய வேலை இல்லை.

25 செ.மீ. மாதிரிக் கட்டை ஊசிகள் இருந்தால் அந்த அறைகளில் அடியில் இருந்து 5 செ.மீ. மேலே குறுக்காக ஒரு தையல் போடுங்கள். ஊசி அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கும், மேல்மடிப்பும் அதன் குமிழை நன்றாக மூடும்.

முன்வரிசை வைப்பது என்றால் 22 செ.மீ. துண்டையும் இதேபோல மடித்து, வாய்த்தையல் போட்டு, பெரிய அறைத்துண்டுக்கு மேலே கீழ்விளிம்பு பொருந்த வைத்து, பிறகு எல்லாக் கோடுகளையும் ஒன்றாகவே தைக்க வேண்டும். பின்னால் நேர் ஊசி, முன்னால் அதே அளவுக் குரோசே ஊசி.

நாடாவும் சுற்றுத் தையலும்

அறை தைத்த உள்த்துணியை அறைகள் மேலே தெரியும்படி மேசையில் விரியுங்கள். நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பு முனையை வலதுகைப் பக்க விளிம்பில் வையுங்கள். கீழ்விளிம்பில் இருந்து 19 செ.மீ. உயரம். வால்கள் இரண்டும் உள்ளே, அறைகளுக்கு மேலே கிடக்க வேண்டும். மடிப்பு முனையைத் தைத்துப் பிடித்துவிட்டு, வால்களைச் சுற்றி நடுவில் ஒரு குண்டூசியால் குத்தி வையுங்கள். நான் குத்தாமல் விட்டு, ஒரு வால் கீழ்த்தையலுக்குள் அகப்பட்டுக்கொண்டது. பையைத் திருப்பி வடிவு பார்க்கும்போதுதான் தெரிந்தது.

அதற்கு மேலே வெளித்துணியை நல்லபக்கம் கீழே பார்க்க வையுங்கள். நல்லபக்கமும் நல்லபக்கமும் முகம் பார்த்து இருக்கும். சுற்றிவரக் குண்டூசி குத்தி, விளிம்பில் இருந்து 1 செ.மீ. விட்டுத் தையுங்கள். மேல்விளிம்பின் நடுவில் 12 செ.மீ. தைக்காமல் விட வேண்டும், திருப்புவதற்கு. கீழ்விளிம்பை மட்டும் தையலைச் சற்றுச் சிறிதாக்கி, அதே கோட்டில் இன்னொரு தரம் தையுங்கள். ஊசிக்கூர்கள் வந்து நிற்கிற இடம் அது. ஒற்றைத் தையல் என்றால் 2 மில்லிமீற்றர் ஊசி சில மாதத்தில் வெளியே எட்டிப் பார்க்கும்.

நான்கு மூலையிலும் தையலுக்கு வெளியே இருக்கிற துணியைச் சரிவாக வெட்டுங்கள், தையலுக்கும் வெட்டுக்கும் இடையில் 2 மில்லிமீற்றராவது இருக்கட்டும். பிறகு விட்ட வாயால் முழுவதையும் திருப்பி எடுங்கள். மூலைகளைத் தள்ளிவிடத் தடித்த பின்னல் ஊசியின் குமிழ்ப்பக்கம் நல்லது. கூர்ப்பக்கத்தால் தள்ளினால் மூலை ஓட்டையாகும். கத்தரிக்கோல் முனையால் தள்ளினால் கட்டாயம் ஓட்டையாகும்.

நன்றாக அயன் பண்ணி, திறந்திருக்கிற வாயின் விளிம்புகளை உள்ளே மடித்து அழுத்தி, பையைச் சுற்றிவர ஓரத்தில் இருந்து அரை செ.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டுங்கள். வாயும் அதோடு மூடுபடும், கீழ்விளிம்புக்கு மூன்றாவது தையலும் ஆகிவிடும். நாடா வருகிற இடத்தில் மெசினைக் கையால் சுற்றி மெதுவாகப் போங்கள், அங்கேதான் மெசின் ஊசி முறியும்.

கடைசியாக, கீழ்விளிம்பில் இருந்து 37 செ.மீ. உயரத்தில் மேல்ப்பகுதியை உள்ளே மடித்து அயன் பண்ணுங்கள். 13 செ.மீ. மடிப்பு வரும். முதல் பையில் இந்த மடிப்பு எனக்குத் தேவையாகவே படவில்லை. சைக்கிள் கூடைக்குள் தலைகீழாகக் கிடந்த பையில் இருந்து பலாலி வீதி நெடுக ஊசிகள் விழுந்தபிறகு தேவையாகப் பட்டது.

வைப்பதும் பார்ப்பதும்

ஊசிகளை அறைகளில் விட்டு, மேல்மடிப்பைப் போட்டு, இடதுபக்கத் தடித்த ஊசிகளில் இருந்து பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டுங்கள். இறுக்கிச் சுருட்ட வேண்டாம், மூங்கில் ஊசி வளைந்தால் நிமிராது. நாடாவின் ஒரு வாலை மேலாலும் மற்றதைக் கீழாலும் சுற்றி எடுத்து ஒரு பூமுடிச்சு.

இரும்பு ஊசிகள் இருந்தால் மாரிக்கு முதல் ஒரு தரம் வெளியே எடுத்துக் காய்ந்த துணியால் துடையுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒரு தரம் துடைப்பது நல்லது, உப்புக்காற்று துணியைத் தாண்டியும் போகும். அலுமினியத்துக்கும் மூங்கிலுக்கும் அந்தக் கரைச்சல் இல்லை. மெல்லிய ஊசிகளின் கூருக்கு அழிறப்பரில் சின்னத் துண்டு வெட்டிக் குத்தி வைத்தால் பையின் அடி இன்னும் கன நாள் நிற்கும். பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம், அந்த மணம் பின்னுகிற நூலில் ஏறிப் பிள்ளையின் தொப்பி வரைக்கும் போகும். காய்ந்த வேப்பமிலையை மெல்லிய துணியில் முடிந்து பெரிய அறைக்குள் போடுங்கள், வருசத்துக்கு இரண்டு தரம் மாற்றினால் போதும்.

என் பையில் 4 என்ற அறைக்குள் அம்மம்மாவின் எட்டும், 5 என்ற அறைக்குள் மச்சாளின் எட்டும் இருக்கின்றன. அந்த இரண்டு எண்ணையும் மட்டும் சிவப்பு நூலால் எழுதி வைத்திருக்கிறேன். நூலை முதலில் தோய்த்துப் பார்த்துத்தான்.